நீல ஃபெஸ்கியூ மட்டக்களப்பில் ஏன் மண்டையைப் போடுகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

நுவரெலியாவுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் லீக்ஸும் கரட்டும் வாங்காமல் வந்தாலும் வருவார்கள், பூக்கன்று வாங்காமல் வருவதில்லை. நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். வழியில் ஒரு நாற்றுப்பண்ணையில், முள்ளம்பன்றிக் குட்டி சுருண்டு படுத்த மாதிரி, சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் ஒரு புல்: நீல ஃபெஸ்கியூ. விலையும் பெரிதில்லை. மடியில் ஒரு சாடி, காலடியில் இரண்டு சாடி என்று பதுளை–செங்கலடி வீதி வழியாகக் கல்லடி வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்தேன். அந்த மாரி முடிவதற்குள் மூன்றும் செத்துப்போயின.

இப்போது என்னிடம் இருப்பது ஐந்தாவது சுற்று. அதில் இரண்டு தூர் இரண்டாவது மாரியையும் தாண்டி நிற்கின்றன. இடையில் செத்ததெல்லாம் எனக்குப் பாடம். அந்தப் பாடத்தைத்தான் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் சாடியில் என்ன தெரிகிறதோ, அந்த இடத்துக்கு நேரே போய்ப் படிக்கலாம். ஆனால் எதற்கும் முன்னால் ஒன்று: இந்தப் புல் வாடினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், பசளை போடாதீர்கள். எங்கள் பக்கத்தில் இது தாகத்தால் சாவது குறைவு. நாம் பதறிப்போய்ச் செய்யும் வைத்தியத்தால் சாவதுதான் அதிகம்.

காரணம் அதன் ஊரில் இருக்கிறது. ஃபெஸ்டூகா கிளாக்கா என்று இதற்கு 1787இல் பெயர் வைத்தவர் டொமினிக் விலார் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். தெற்குப் பிரான்ஸ் பக்கத்து வறண்ட, கல்லுக் கலந்த நிலங்கள்தான் இதன் தாய்வீடு. அங்கே குளிர்காலம் நன்றாகக் குளிரும், கோடை காய்ந்து கிடக்கும். காய்ந்த சூட்டை ஓரளவு தாங்கும், ஈரக் குளிரையும் கொஞ்சம் தாங்கும். ஈரமும் சூடும் சேர்ந்து வந்தால்தான் சுருண்டுவிடும். அந்த இரண்டும் சேர்ந்ததுதான் எங்கள் ஊர்.

இன்னொரு விஷயம் இரவு. அருகம்புல், கரும்பு, சோளம் போன்றவை சூட்டுக்கென்றே அமைந்த புற்கள். ஃபெஸ்கியூ குளிர்ப்பருவப் புல். 15 முதல் 24 பாகை செல்சியஸ் வரை அதற்குச் சுகம். அதற்கு மேல் சூடு ஏற ஏற, இலை பகலில் சேர்க்கும் உணவில் ஒரு பங்கு வீணாகும். மிச்சத்தை இரவில் மூச்சுவிட்டே செலவழித்துவிடும். விசிறி போட்டும் தூக்கம் வராத எங்கள் கோடை இரவுகள் அதற்கு வட்டிக்கு வாங்கிச் சாப்பிடுகிற நாட்கள். (நெல்லும் அடிப்படையில் இதே வகைதான், ஆனால் அது தலைமுறை தலைமுறையாகச் சூட்டில் வாழ்ந்து பழகிய குடும்பம்.)

முதலில்: அது ஃபெஸ்கியூதானா?

இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை. இணையத்தில் விதை வாங்கியவர்கள் நாலு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்து, கடைசியில் வட்டையில் (வயலில்) களையென்று பிடுங்கி எறிகிற நெற்சப்பியைச் சாடியில் வைத்துக்கொண்டு நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். விதைப் பொதியின் படத்தில் புல் கடல் நீலத்தில் இருந்தால் அப்போதே சந்தேகப்படுங்கள். உண்மையான நிறம் அதுவல்ல.

நிறம் எப்படியிருக்கும் என்று கேட்டால் நான் நீற்றுப்பூசணியைக் காட்டுவேன். முற்றிய காயின் மேலே சாம்பல் பூத்தது போல ஒரு பூச்சு இருக்கும், விரலால் தேய்த்தால் கீழே பச்சை தெரியும். ஃபெஸ்கியூவின் நீலமும் அதே மாதிரி ஒரு மெழுகுப் பூச்சுத்தான். ஓர் இலையைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அடியிலிருந்து நுனி வரை இழுத்துப் பாருங்கள். இழுத்த இடம் பச்சையாகி, இழுக்காத இடம் நீலமாகவே இருந்தால் நல்ல அறிகுறி. தேய்த்தும் நிறம் மாறாமல் விரலில் சாயம் ஒட்டினால், யாரோ வண்ணம் தெளித்து விற்றிருக்கிறார்கள்.

அப்புறம் இலையை உருட்டிப் பாருங்கள். ஃபெஸ்கியூ இலை தட்டையாக இருக்காது. இரண்டு ஓரமும் உள்ளே மடிந்து, தையல் ஊசி மாதிரி, ஒரு மில்லிமீற்றர் அளவுக்குத்தான் தடிப்பு. விரலுக்கிடையில் உருளும். தூர் ஒன்றேகால் சாண் உயரத்துக்கு மேல் பெரும்பாலும் போகாது, அதாவது 20 முதல் 30 சென்ரிமீற்றர். முக்கியமானது: அது ஓடாது. மண்ணுக்கு மேலேயோ கீழேயோ கொடி மாதிரி வேர்த்தண்டு விட்டுப் பக்கத்துச் சாடிக்குத் தாவினால் அது ஃபெஸ்கியூ இல்லை. ஃபெஸ்கியூ இருந்த இடத்திலேயே மட்டம் (அடியிலிருந்து வரும் பக்கக் கன்று) வெடித்துப் பருக்கும், அவ்வளவுதான்.

குழப்புகிறவை எவை? கோரை முளையில் மெல்லியதாக வந்து ஏமாற்றும், ஆனால் அதன் பூந்தண்டை விரலால் உருட்டினால் மூன்று மூலை தட்டுப்படும். புல்லின் தண்டு உருண்டை. நெற்சப்பியைக் கண்டுபிடிப்பது வெள்ளாமை செய்கிறவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை: இலையும் உறையும் சேரும் இடத்தில் மற்றப் புற்களுக்கு இருக்கிற மெல்லிய சவ்வு அதற்கு இருக்காது. இலுக்கு இலை அகலம், நடுநரம்பு வெள்ளை, அடியில் கூரான வேர்த்தண்டு. கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்கு இராவணன் மீசையைச் சொல்ல வேண்டும். பாசிக்குடாவிலும் திருக்கோவில் பக்கத்திலும் மணல் மேட்டில் படர்கிற அதுவும் சாம்பல் பூத்த நிறம்தான், தூரத்திலிருந்து பார்த்தால் அசல் நீலப் புல். கிட்டப்போய் உட்கார்ந்து பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள், நுனி ஊசியாகக் குத்தும். மணலில் நீளமாக ஓடும். அதைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். மணல் மேட்டைக் கட்டி வைத்திருப்பதே அதுதான்.

சாடியில் விற்கிற மொண்டோ புல் உண்மையில் புல்லே இல்லை. இலை கரும்பச்சை, தட்டை, தேய்த்தாலும் பூச்சு வராது. நிழலில் சந்தோஷமாக இருக்கும். அதை ஃபெஸ்கியூ என்று விற்றிருந்தால் கோபப்படாமல் வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் ஊருக்கு அதுதான் நல்லது.

பெயர்ச்சீட்டில் எலைஜா புளூ என்று இருந்தால் அது நிறத்துக்காகத் தெரிந்தெடுத்த வகை. தூரைப் பிரித்து மட்டுமே அதைப் பெருக்க முடியும். எலைஜா புளூ விதை என்று யாராவது விற்றால் அதற்கு அர்த்தமில்லை, விதையில் வருபவை ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று இரண்டுங்கெட்டான் என்றுதான் இருக்கும்.

அறிகுறி: மாரி தொடங்கிய கொஞ்ச நாளில் தூரின் நடு பழுப்பாகிறது, இலையைப் பிடித்தால் கையோடு வருகிறது

என்னுடைய முதல் மூன்று சாடியும் போன வழி இதுதான். ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. கார்த்திகை நடுவில் ஒரு நாள் காலையில் பார்த்தேன், வெளி இலைகள் நீலமாகவே இருக்கின்றன, நடுவில் ஒரு பிடி மட்டும் தேயிலைச் சக்கை நிறம். வெயில் வந்தால் சரியாகும் என்று விட்டேன். அடுத்த வாரம் அந்தப் பிடியைத் தொட்டதும் அப்படியே கழன்று வந்தது. அடிப்பக்கம் கறுத்து, நசிந்து, ஊறப்போட்ட தும்பு நாறுகிற மாதிரி ஒரு வாடை.

இது அடி அழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பங்கசுகள் ஈர மண்ணில் எப்போதும் இருப்பவை. இலைகள் நெருக்கமாக நிற்கும் தூரின் நடுவில் காற்றுப் போகாது. அங்கே தண்ணீர் தேங்கி, இரவும் சூடாக இருந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். வருடத்தில் எங்களுக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுவதால், சாடிக்குக் காய நேரமே கிடைப்பதில்லை.

உறுதிப்படுத்த ஒரு சோதனை. பழுப்பான இலைகளில் பத்துப் பன்னிரண்டைச் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுங்கள். கழன்று வந்து, அடி கறுப்பாகவோ வழுவழுப்பாகவோ இருந்தால் அழுகல். கழலாமல் நின்று, அடியைக் கீறிப் பார்த்தால் வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் அது அழுகல் இல்லை, கீழே ஆனி, ஆடிக் கச்சான் காற்றைப் பற்றி வருகிற பகுதிக்குப் போங்கள்.

அழுகல்தான் என்றால் அன்றைக்கே சாடியிலிருந்து எடுக்க வேண்டும். நாளைக்கு என்று வைக்காதீர்கள். மண்ணை உதிர்த்து, வேரைக் கழுவி, தூரை விரலால் பிரியுங்கள். கறுத்ததெல்லாம் குப்பைக்கு, கூட்டெருக் குழிக்குக்கூட வேண்டாம். வெள்ளை வேரோடு கெட்டியாக இருக்கிற மட்டங்களை எட்டுப் பத்தாகச் சேர்த்துச் சிறு பிடிகளாக்குங்கள். ஒவ்வொரு மட்டமாகப் பிரித்து நட்டால் பிழைக்காது, நான் செய்து பார்த்துவிட்டேன். அரை மணித்தியாலம் நிழலில் காயவிட்டுப் புதிய கலவையில் நடுங்கள்.

கலவை: ஆற்று மணல் இரண்டு பங்கு, கரியாக்கிய உமி ஒரு பங்கு, மக்கிய கூட்டெரு அரைப் பங்கு. கூட்டெருவை அதற்கு மேல் கூட்ட வேண்டாம். கொழுத்த மண் இதற்கு எதிரி. கடற்கரை மணல் கட்டாயம் கூடாது, உப்பும் சிப்பித் தூளும் கலந்திருக்கும். தும்புத் தூளையும் நான் விட்டுவிட்டேன், மாரியில் அது குடித்த தண்ணீரை விடாது. நடும்போது தூரின் கழுத்து மண் மட்டத்துக்கு ஒரு விரல் தடிப்பு மேலே நிற்கட்டும். கழுத்தைச் சுற்றி மண்ணுக்குப் பதிலாகச் சின்னச் சல்லிக்கல் போடுங்கள். இலை ஈரமண்ணில் படாமல் கல்லில் படுத்துக்கொள்ளும்.

பங்கசு நாசினி ஊற்றலாமா என்று கேட்பீர்கள். அழுகிய பாகத்தை எந்த மருந்தும் திருப்பித் தராது. பிரித்து எடுத்த நல்ல மட்டங்களைப் பாதுகாக்க வேண்டுமானால் உதவும். நான் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, கார்த்திகை பிறந்ததும் சாடிகளை விறாந்தைக்குள் தூக்கி வைக்கத் தொடங்கினேன். அதற்குப் பிறகு இந்த அழுகல் ஒரே ஒரு முறைதான் வந்தது. அதுவும் தாழ்வாரத் துளி நேரே விழுகிற இடத்தில் நான் ஒரு சாடியை மறந்து வைத்ததால்.

நிலத்தில் நட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. காத்தான்குடி, கல்முனை, காரைதீவு மாதிரிக் கரையோர மணலில் ஒரு அடி மேடு கட்டி நட்டால் ஓரளவு தப்பலாம். சம்மாந்துறை, அம்பாறைப் பக்கத்து வயல் களிமண்ணில் நட்டிருந்தால் தோண்டிச் சாடிக்கு மாற்றுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த மண் நெல் விதைக்கிற போடியார்மாருக்கு நல்ல மண், இந்தப் புல்லுக்கு இல்லை.

அறிகுறி: ஆனி, ஆடியில் முழுத் தூரும் வைக்கோல் நிறமாகிறது, ஆனால் இலை கழன்று வரவில்லை

கச்சான் அடிக்கிறது. (நாங்கள் கொறிக்கிற கச்சான் அல்ல, காற்று.) தென்மேற்கிலிருந்து வருகிற பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து, சூடேறி வருகிறது. உடுப்பு அரை மணித்தியாலத்தில் காய்கிற அந்தக் காற்றுக்கு இலை என்ன செய்யும்?

இது சாவல்ல, உறக்கம். புல் வளர்ச்சியை நிறுத்திவிட்டுப் பொறுத்துக்கொண்டு இருக்கிறது. இந்த நேரத்தில் காலை, மாலை என்று தண்ணீர் ஊற்றினால் சூடான ஈரம் உண்டாகி, மாரியில் வரும் அழுகல் ஆடியிலேயே வந்துவிடும். பசளை போட்டால் இல்லாத தெம்பில் தளிர் விடப் பார்த்து இன்னும் களைத்துப்போகும்.

செய்ய வேண்டியது இடம் மாற்றுவது. காலை வெயில் பத்து, பத்தரை வரைக்கும் படட்டும், பிறகு நிழல். கிழக்குப் பார்த்த விறாந்தை இதற்கென்றே கட்டியது மாதிரி. சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், சுவர் பகலில் குடித்த சூட்டை இரவு முழுக்கக் கக்கும். சீமெந்துத் தரையும் அப்படியே. ஒரு பலகையிலோ இரண்டு செங்கல்லிலோ தூக்கி வையுங்கள்.

கறுப்புப் பிளாஸ்ரிக் சாடியையும் நாற்றுப் பையையும் இந்த மாதங்களில் கட்டாயம் மாற்றுங்கள். மத்தியானம் அதன் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கையை எடுத்துவிடுவீர்கள். உள்ளே வேரின் நிலைமை அதுதான். மண்சாடி நல்லது. அதைவிட நல்லது நான் இப்போது செய்வது: வாய் உடைந்த ஒரு பெரிய மண்முட்டிக்குள் சின்ன மண்சாடியை இறக்கி, இடைவெளியில் மணல் நிரப்பி, அந்த மணலுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுவது. புல்லுக்கு ஊற்றுவதில்லை. கச்சான் காற்று வெளிமுட்டியை உலர்த்த உலர்த்த உள்சாடி குளிரும், தண்ணீர்ப் பானை குளிர்கிற அதே கணக்கு. வெளிமுட்டியின் அடியில் ஓட்டை போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சின்னச்சாடி தண்ணீரில் நிற்கும். வாடை அடிக்கிற மாதங்களில் இந்த வித்தை வேலை செய்யாது. காற்றிலேயே ஈரம் இருக்கும்போது முட்டி எப்படி உலரும்?

முட்டியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வளவுப் பெரியம்மா மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: “என்னகா, இலுக்கப் போய் முட்டிக்குள்ள வெச்சு வளக்காய்? மறுகா மாட்டுக்கும் கட்டில் போடுவாய் போல.”

தண்ணீர் எப்போது ஊற்றுவது என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே கருவி ஈர்க்கு. விளக்குமாற்றிலிருந்து ஒன்றை உருவி, சாடி ஓரமாக அடிவரை குத்தி, ஒரு நிமிடம் விட்டு இழுங்கள். மணல் ஒட்டி வந்தால் இன்று வேண்டாம். சுத்தமாக வந்தால் காலையில் ஊற்றுங்கள், வேரில்தான், இலையில் வேண்டாம். பொழுதுபட்ட பிறகு எந்தக் காரணத்துக்கும் ஊற்றாதீர்கள்.

வைக்கோல் நிறமானதை அழகுக்காகக் கத்தரித்துவிடத் தோன்றும். குளிர் நாடுகளில் பனிக்காலக் கடைசியில் வெட்டிவிடுவார்கள், அந்தப் படங்களைப் பார்த்துத்தான் நம்மவர்களும் வெட்டுகிறார்கள். சூட்டில் வெட்டினால் திரும்பத் துளிர்க்கத் தெம்பிருக்காது. விரல்களைச் சீப்பு மாதிரி விட்டு மெதுவாகக் கோதுங்கள், செத்த இலை தானாக வரும். வராததை விட்டுவிடுங்கள்.

அறிகுறி: நுனி மட்டும் கருகுகிறது, சாடி விளிம்பில் வெள்ளை படிகிறது

உப்பு. வாவிக் கரையிலும் கடற்கரைப் பக்கத்திலும் இருக்கிற வீட்டுக் கிணறுகள் மாரியில் நல்ல தண்ணீர் தரும், ஆவணி, புரட்டாதியில் உவர்க்கும். சவர்க்காரம் நுரைக்க மறுக்கிறது, பருப்பு அவிய நேரமெடுக்கிறது என்று குசினியில் புறுபுறுப்புக் கேட்டால் அந்தத் தண்ணீரைப் புல்லுக்கு ஊற்ற வேண்டாம். தண்ணீர் ஆவியாகும், உப்பு சாடியிலேயே தங்கும், நாளுக்கு நாள் கூடும்.

மாரியில் ஒரு பரலில் பிடித்து மூடி வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதுவே மருந்து. இல்லாவிட்டால், உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம். உப்பைக் கழுவும்போது கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றக் கூடாது. சாடி கொள்கிற அளவைப் போல மூன்று மடங்கை ஒரே காலையில் ஊற்றி, அடியால் ஓடவிட்டு, பிறகு நன்றாகக் காயவிடுங்கள். சாடிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஓடிய உப்புத் தண்ணீரை மறுபடி உறிஞ்சத்தான் அது உதவும்.

விளிம்பில் வெள்ளை இல்லாமல் நுனி மட்டும் கருகினால், அண்மையில் பசளை போட்டீர்களா என்று யோசியுங்கள். யூரியா கிள்ளிப் போட்டாலே இந்தப் புல்லுக்கு அதிகம்.

அறிகுறி: வாங்கும்போது நீலம், இப்போது பச்சை

நாலு காரணம் உண்டு, நாலுமே சின்னது. நிழல் கூடியிருக்கலாம்: வெயில் குறைந்தால் மெழுகு குறையும். தழைச்சத்துக் கூடியிருக்கலாம்: தளிர் வேகமாக நீண்டு, பூச்சில்லாமல், தளதளவென்று சாயும். கை பட்டிருக்கலாம்: வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் பூனையைத் தடவுகிற மாதிரித் தடவிவிட்டுப் போனால் நீலம் எங்கே நிற்கும்?

நாலாவது நான் செய்த பிழை. தூசி படிந்திருக்கிறதே என்று வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் கலந்து தெளித்தேன். பூச்சி இருந்ததோ இல்லையோ, மூன்றாம் நாள் புல் முழுக்கப் பச்சை. எண்ணெயும் சவர்க்காரமும் மெழுகைக் கழற்றிவிடும். ஒருமுறை போன பூச்சு அந்த இலைக்குத் திரும்புவது அரிது, புதிய இலை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தூசியை வெறும் தண்ணீரால் காலையில் மெல்லக் கழுவினால் போதும்.

அறிகுறி: நடு வெறுமை, சுற்றி வளையமாகப் புல்

அழுகல் சோதனை செய்து பார்த்தும் அடி காய்ந்து சுத்தமாக இருந்தால், இது வயசு. தாய்வீட்டிலேயே இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தூரைப் பிரித்து நடாவிட்டால் நடு செத்துப் போகும். பல்லாண்டுப் புல் என்று பெயர் இருந்தாலும் நீண்ட ஆயுள் அதற்கு எங்கேயும் இல்லை.

எங்கள் ஊரில் பிரிக்க நல்ல நேரம் தை கடைசி, மாசி முதல் பாதி. மழை ஓய்ந்திருக்கும், சூடு இன்னும் ஏறியிருக்காது. நடுவைத் தூக்கி எறிந்துவிட்டு வளையத்தைப் பிடி பிடியாகப் பிரித்து, மேலே சொன்ன கலவையில் நடுங்கள். பங்குனிக்கு முன் வேர் பிடித்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் பிரித்து நட்டதை நான் ஒருமுறையும் காப்பாற்றவில்லை.

அறிகுறி: விதை முளைக்கவில்லை, அல்லது முளைத்துச் சாய்கிறது

விதைக்கு 20 பாகையை ஒட்டிய குளிர்ச்சி வேண்டும். எங்கள் முற்றத்தில் அது விடியப்புறம் நாலு மணிக்குக்கூடக் கிடைப்பதில்லை. குளிரூட்டி போடுகிற அறை இருந்தால், யன்னலோரத்தில் ஒரு தட்டு வைத்து, விதையை மேலாகத் தூவி, மெல்லிய மணலால் மூடுங்கள். இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். முளைத்து மயிர் மாதிரி நிற்கும்போது அடி மெலிந்து சாய்ந்தால் அதுவும் அந்தப் பங்கசுகளின் வேலைதான். தண்ணீரைத் தெளிக்காமல் தட்டுக்கு அடியிலிருந்து உறிஞ்சவிட்டால் குறையும். உண்மையைச் சொன்னால், நான் விதைப் பாதையைக் கைவிட்டவன். ஒரு நல்ல தூர் வாங்கிப் பிரிப்பது லாபம்.

அறிகுறி: எறும்பு வரிசை, தூரின் அடியில் வெள்ளை மாவு

மாவுப்பூச்சி. எறும்புதான் அதைக் காவிக்கொண்டு வரும், எறும்பை நிறுத்தாமல் பூச்சியை நிறுத்த முடியாது. சாடியைத் தாங்குகிற செங்கல்லைத் தண்ணீர் உள்ள தட்டில் வையுங்கள், சாடியின் அடி தண்ணீரில் படக் கூடாது. மாவைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து எடுங்கள். வேரிலும் இருந்தால் சாடியைக் கவிழ்த்துக் கழுவி, மண்ணை மாற்ற வேண்டும்.

அறிகுறி: பூக்கவேயில்லை

பூக்காது. மட்டம் பூவுக்குத் தயாராக ஒரு குளிர்காலம் தேவை. கல்லடியில் அதற்கு எங்கே போவது? பூத்தாலும் மெல்லிய தண்டில் மங்கிய பழுப்புக் கதிர்தான் வரும், இழப்பு பெரிதில்லை.

அறிகுறி: காலையில் எழும்பிப் பார்த்தால் பாதிப் புல்லைக் காணவில்லை

நேராக, ஒரே மட்டத்தில் வெட்டினாற் போல இருந்தால் ஆடு. பிடுங்கி, வேரோடு சாய்ந்து கிடந்தால் மாடு. தூரின் அடியைச் சுற்றிக் கிளறியிருந்தால் கோழி, அது புல்லுக்காக வரவில்லை, சல்லிக்குக் கீழே புழுத் தேடியது. ஆடு கடித்தது ஒரு விரல் உயரம் மிச்சமிருந்தால், மாசியிலென்றால் துளிர்க்கும், ஆடியிலென்றால் சந்தேகம். எதுவானாலும் தண்ணீர் ஊற்றாமல் நிழலுக்கு மாற்றிவிட்டு, படலையின் கொளுக்கியைச் சரிபாருங்கள்.